வலை முடிச்சுப் போட்ட சட்டை

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். என் எழுத்துகள் வரியில் நிற்க மாட்டா. கரையில் கொட்டிய சூடை மீன்களைப் போல ஆளுக்கொரு பக்கம் கிடக்கும். லகரம் இருக்க வேண்டிய இடத்தில் ளகரம் இருக்கும். குருநகர் வாசிகசாலைச் சிறப்பு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்ட தம்பிமார், எழுத்துப் பிழைகளைத் திருத்திப் போடுங்கள். மற்றப் பிழைகளைத் திருத்த வேண்டாம். அவற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

1

நான் இருப்பது இங்கிலாந்தில், கடல் இல்லாத ஒரு சின்ன நகரத்தில். சூப்பர்மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற வேலை. மீனும் நானும் ஒரே குளிரில் நிற்கிறோம். புதன்கிழமை எனக்கு லீவு.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் என் மனைவி ரீற்றா, நகர நூலகத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். வெளிநாட்டுக்காரருக்கு இலவச ஆங்கில வகுப்பு. புதன்கிழமை காலை, மேல்மாடி.

"இஞ்சருங்கோ, இவ்வளவு காலம் இருந்தும் டொக்டரிட்டைப் போனா உங்கடை வயித்துக்குத்தை நான்தான் சொல்ல வேண்டிக் கிடக்கு. போய்ப் படியுங்கோ."

"இந்த வயசிலை என்னத்தைப் படிக்கிறது?"

"வயித்துக்குத்தையாவது படியுங்கோ."

போனேன். மேல்மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். ஒன்று சாத்தியிருந்தது. மற்றது பாதி திறந்திருந்தது. சாத்திய கதவைத் தட்டித் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. திறந்திருந்ததற்குள் தலையை நீட்டினேன். நீள மேசையைச் சுற்றிப் பெண்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் தலை வெள்ளை. இவர்களும் போலந்துப் பக்கத்து வெளிநாட்டுக்காரர் ஆக்கும் என்று நினைத்தேன். ஒருவர் கதிரையை இழுத்து வைத்தார். இன்னொருவர் தேத்தண்ணி ஊற்றினார். பிஸ்கட் வந்தது. பிறகு என் கையில் ஒரு துண்டு வெள்ளைத் துணியும் ஊசியும் நூலும் வந்தன.

ஆங்கிலம் படிப்பிக்கிற முறை இப்படி மாறிவிட்டதாக்கும் என்று எண்ணிக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தேன்.

அது தையல் குழு என்று விளங்கியபோது இரண்டாவது பிஸ்கட்டும் முடிந்திருந்தது. ஒருவருடைய பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, நான் அறை மாறி வந்துவிட்டேன் என்று எழும்பிப் போகிற துணிவு எனக்கு இல்லை. அதோடு, அந்த வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் வகுப்புக்கே வந்திருக்க மாட்டேன்.

அடுத்த புதன்கிழமை சரியான கதவுக்குப் போவது என்ற முடிவோடுதான் படி ஏறினேன். மேற்படியில் அந்தக் குழுவின் தலைவி டொரீன் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது வயது தாண்டிய மனுசி. கை நோகுமே என்று உள்ளே போனேன். அப்படியே மூன்று வருடம் போய்விட்டது.

2

வீட்டுக்குப் போனால் ரீற்றா விடமாட்டாள்.

"இண்டைக்கு என்ன படிப்பிச்சவை?"

பொய் சொல்வது எனக்குக் கஷ்டம். அதனால் அன்று காதில் விழுந்த உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்வேன். விரல்கவசம். கொசுவம். நூலின் இழுவை. ஆங்கிலத்தில்தான் சொல்வேன்.

"உந்தச் சொல்லுகளை வைச்சு டொக்டரிட்டை என்னத்தைக் கதைக்கிறது?"

"இது ஆரம்பம்தானே."

"ரீச்சர் ஆர்?"

"டொரீன் எண்டு ஒரு மனுசி. நல்ல மனுசி."

இவற்றில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அங்கே தைப்பது ஸ்மொக்கிங். நம் ஊரில் கன்னியர் மடத்துத் தையல் வகுப்புக்குப் போன அக்காமாருக்கு இது தெரியும். சின்னப் பிள்ளைகளின் சட்டையில் நெஞ்சுப் பக்கம் துணியைச் சின்னச் சின்னக் கொசுவமாக இழுத்துச் சுருக்கி, அந்தக் கொசுவங்களின் மேல் பூவேலை செய்வது. பார்க்க அழகு. ஆனால் அழகு இரண்டாவதுதான். உண்மையான விசயம், அந்த இடம் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பிள்ளை வளர வளரச் சட்டையும் கூடவே கொஞ்சம் வளரும். இதை டொரீன் எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் விளங்கியது.

மாதக் கடைசிப் புதனில் எல்லாரும் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு எழும்பி அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு டொரீன் அதைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து ஆர்மோனியப் பெட்டியைப் போல இழுத்து விட்டுப் பார்ப்பார். நான் முதல் முறை கொண்டுபோனது ஒரு ஊசி குத்தி வைக்கும் மெத்தை. நெஞ்சு அடித்துக்கொண்டது. எழும்பினேன். ஆங்கிலத்தில் "என்னுடையது" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். சுருக்கமாகப் பேசியதற்காக இருக்கும்.

தையலில் ஒரு மாதிரிக்குத் தேன்கூடு என்று பெயர். டொரீன் அதைத் தைத்துக் காட்டினார். எனக்கு அது தேன்கூடாகத் தெரியவில்லை. கண்ணுக்குக் கண் சரியாக விழுந்த வலையாகத் தெரிந்தது. அன்று வரைக்கும் அந்த அறையில் நான் விருந்தாளி. அன்றைக்குத்தான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தேன்.

3

எங்களைப் பெற்ற அப்பு சூசைப்பிள்ளை, அண்ணை அந்தோனி, நான், மூன்று பேரும் வலையில் வளர்ந்தவர்கள். யுத்தம் நடந்து, கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலத்தில் போகாத நாட்களே அதிகம். போகாத நாட்களில் கிழிந்த வலை பொத்துவோம். அப்பு ஒவ்வொரு முடிச்சையும் போட்டுவிட்டு இரண்டு தரம் சுண்டி இழுத்துப் பார்ப்பார். முடிச்சு நகர்ந்தால் கண் பெருக்கும், கண் பெருத்தால் மீன் போய்விடும். அதனால் என் விரல்களுக்கு முடிச்சு என்றால் நகரக் கூடாதது.

என் மகள் மெர்சி அப்போது மூன்று நாலு வயதுப் பிள்ளை. வலைக் குவியலில் ஏறி விளையாடுவாள். ஒரு நாள் பெருவிரல் ஒரு கண்ணுக்குள் மாட்டி, இழுக்க இழுக்க இறுகி, ஊரைக் கூட்டினாள். நான் கத்தியை எடுத்துக் கண்ணை அறுத்து விரலை விடுவித்தேன். "புது வலையடா, சவர்க்கார நுரை போட்டு எடுத்திருக்கலாமே" என்று அப்பு ஒரு கிழமை ஏசினார்.

அதற்குச் சில மாதங்களில் நான் இங்கிலாந்துக்கு வெளிக்கிட்டுவிட்டேன். ரீற்றாவையும் மெர்சியையும் கூப்பிட எனக்கு ஏழு வருடம் பிடித்தது. விமான நிலையத்தில் வந்து இறங்கியவள் என் நெஞ்சு உயரம் இருந்தாள். "வணக்கம் அப்பா" என்றாள். கை கொடுத்தாள். அந்த மரியாதை இன்றைக்கும் போகவில்லை. நல்ல பிள்ளை. பிறந்தநாளுக்கு அட்டை வாங்கித் தருவாள், டொக்டரிடம் காட்டச் சொல்லுவாள். ஆனால் தாயோடு சண்டை பிடிப்பதைப் போல என்னோடு ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. அவளுக்கு நான் அனுப்பியதெல்லாம் பார்சலில் போன கடைச் சாமான்கள். என் கையால் செய்து கொடுத்தது என்று எதுவும் இல்லை.

அவள் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். ஞானஸ்நானச் சட்டை நான்தான் தைப்பது. ஒருவருக்கும் சொல்லவில்லை. குழுவில் வைத்துத் தைத்தால் கேள்வி கேட்பார்கள் என்று, வீட்டுத் தோட்டத்தில் புல்லுவெட்டி வைக்கிற கொட்டிலில் இருந்து தைத்தேன். வெள்ளைப் பருத்தித் துணி. நெஞ்சு முழுக்கத் தேன்கூடு. டொரீன் இரண்டு கொசுவத்தைச் சேர்த்து ஒரு குத்துக் குத்தி விட்டுவிடுவார். என் விரலுக்கு அது முடியாத வேலையாகப் பட்டது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வலை முடிச்சுப் போட்டேன். இரண்டு தரம் சுண்டி இழுத்துப் பார்த்தேன்.

மாதக் கடைசியில் மேசையில் வைத்தேன். "என் மகளின் குழந்தைக்கு" என்றேன். அது எனக்கு நீளமான பேச்சு. டொரீன் சட்டையை எடுத்து இழுத்தார். அசையவில்லை. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மறுபடியும் இழுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "மிகவும் பாதுகாப்பாக இருக்கிறது" என்றார்.

அந்தப் பாராட்டை நான் ஆறு மாதத்துக்கு மேல் நெஞ்சில் வைத்திருந்தேன். இங்கிலாந்துக்காரர் ஒன்றைப் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று ஆங்கில வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்களோ தெரியாது.

4

தை மாதம் எலினா பிறந்தாள். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் ஞானஸ்நானம் என்று பேசினார்கள். சட்டை அளவாக இருக்கும் என்று நான் கொட்டிலுக்குள் இருந்து கணக்குப் போட்டேன்.

இங்கே கோயில் கந்தோரில் தாயின் ஞானஸ்நானப் பத்திரம் கேட்டார்கள். ஊரிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். வாசித்த பெண் மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மெர்சி அருளப்பு என்பவர் யார்?"

இதை நான் விளக்க வேண்டும். ஊரில் நான் சூ. அருளப்பு. சூசைப்பிள்ளை என்பது என் அப்பு. இங்கே வந்தபோது முன்னால் நிற்கிற அப்புவின் பெயர்தான் குடும்பப் பெயர் என்று முடிவு செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து நான் மிஸ்டர் சூசைப்பிள்ளை. குருநகரில் பிறந்து மன்னாருக்கு அப்பால் போகாத என் அப்பு இங்கிலாந்தில் வரி கட்டுகிறார், பஸ் பாஸ் வைத்திருக்கிறார், இரண்டு தரம் பல்லுப் பிடுங்கியிருக்கிறார். மெர்சி வந்தபோது அவளையும் சூசைப்பிள்ளை என்றே பதிந்தார்கள். ஊர்ப் பத்திரத்திலோ அவள் மெர்சி அருளப்பு. இங்கத்தைப் பெயரை ஊர்க் கணக்கில் வாசித்தால் என் மகள் எனக்குத் தங்கச்சி.

இரண்டு பேரும் ஒரு ஆள்தான் என்று ஊர்க் கோயில் பங்குச் சுவாமியிடமிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். அண்ணைக்குப் போன் எடுத்தேன். அண்ணை ஒவ்வொரு கிழமையும் வாட்ஸப்பில் முகத்தைக் காட்டினார்.

"போன கிழமை போனன், சுவாமி தியானத்துக்குப் போட்டார். இந்தக் கிழமை போனன், சுவாமி நிக்கிறார், கொம்பியூட்டர் தியானத்துக்குப் போட்டுது."

"அண்ணை, பிள்ளை வளருதண்ணை."

"வளரட்டுமன். அது நல்லதுதானேடா. நீ ஏன் அந்தரப்படுறாய்?"

நான் ஏன் அந்தரப்பட்டேன் என்று அவருக்கும் சொல்லவில்லை. கடிதம் வந்தது. அதில் மெர்சியின் பிறந்த வருடம் பிழை. அண்ணை திரும்பவும் போனார். சித்திரை போய், ஆனி போய், ஆவணி வந்தது. எலினா ஈரப்பலாக்காயைப் போல உருண்டு திரண்டாள். கன்னத்தைப் பார்த்து எல்லாரும் சந்தோசப்பட்டார்கள். நான் அவளுடைய நெஞ்சுச் சுற்றளவைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டேன்.

ஒரு வழியாகச் செப்ரெம்பர் கடைசி ஞாயிறு என்று முடிவானது.

5

மெர்சி வேலைக்குப் போகிற நாட்களில் எலினா எங்களோடு. ஒரு நாள் ரீற்றா கடைக்குப் போன நேரம் பார்த்து, சட்டையைக் கொட்டிலிலிருந்து எடுத்து வந்தேன். அளவு நாடா இருந்த இடம் தெரியவில்லை. சமையலறை லாச்சியில் கிடந்த சணல் நூலை எடுத்துப் பிள்ளையின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தேன். பிடித்த நூலைச் சட்டையோடு வைத்துப் பார்த்தால், சட்டை நாலு விரல் குறைவு.

பயப்படவில்லை. விரிகிற தையல்தானே. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. காலால் ஒரு பக்கத்தை மிதித்துக்கொண்டு இழுத்தேன். அப்போதுதான் டொரீன் சொன்ன வார்த்தை மண்டையில் ஏறியது. எத்தனையோ முடிச்சு. ஒன்றும் நகராது. நான் தைத்தது சட்டை இல்லை. மீன் போகாத வலை.

கடைசி நம்பிக்கையாக நூலை இன்னொரு தரம் பிள்ளையில் சுற்றினேன். கதவு திறந்தது. பால் போத்தலோடு ரீற்றா நின்றாள். அவள் கண்டது, தரையில் முழங்காலில் நிற்கிற புருசன், சணலால் சுற்றிய பேரப்பிள்ளை.

"என்னப்பா, பிள்ளையைக் கட்டி வைக்கிறியளோ?"

"அளக்கிறன்."

"ஏன், விக்கப் போறியளோ?"

சட்டையை மறைக்க நேரமில்லை. எடுத்துப் பார்த்தாள். உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்கை வாங்கினது?"

"தைச்சது."

"ஆர்?"

"நான்."

"நீங்கள் எங்கை தைக்கப் படிச்சனீங்கள்?"

"ஆங்கில வகுப்பிலை."

எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, பிஸ்கட், டொரீன், மூன்று வருடம். ரீற்றா சோபாவில் இருந்து சிரிக்கத் தொடங்கினாள். கண்ணீர் வரச் சிரித்தாள். அதைப் பார்த்து எலினாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அதுதான் மூண்டு வருசமா டொக்டருக்கு நான் கூட வாறன்" என்று சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே போனை எடுத்து மெர்சிக்குச் சொன்னாள்.

6

மெர்சி பின்னேரம் வந்தாள். சட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, நீங்களே செய்தீங்களா? இது சோ பியூட்டிஃபுல்."

"அளவு காணாது."

"பரவாயில்லை அப்பா. நான் ஒன்லைனில ஒண்டு ஓடர் பண்ணிட்டன். இதை ஃபிரேம் பண்ணி எலினாட ரூமில கொழுவுவம்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் இங்கே மீன் பொரித்து விற்கிற கடைகளை நீங்கள் பார்த்திருந்தால் என் நிலைமை விளங்கும். சுவரில் ஒரு வலையைக் கொழுவி, அதில் ஒரு பிளாஸ்ரிக் நண்டை ஒட்டி வைத்திருப்பார்கள். கண்ணாடிக்குள் கொழுவிய சட்டையை நினைத்தால் அந்த நண்டுதான் ஞாபகம் வந்தது. "ஓம் மகள்" என்றேன். எங்கள் இருவருக்கும் இடையில் எப்போதும் இப்படித்தான். அவள் மரியாதையாகச் சொல்லுவாள், நான் மரியாதையாக ஓம் என்பேன்.

அவள் போன பிறகு அண்ணைக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணை முற்றத்தில் வலையை விரித்துவிட்டு இருந்தார். முதலில் கேட்டதையே மூன்று தரம் கேட்டார்.

"தைக்கிறியோ? நீயோ? சட்டையோ?"

"ஓமண்ணை."

"வெள்ளைக்காரக் கிழவியளோடையோ?"

"ஓமண்ணை."

"கடல் இல்லாத ஊருக்குப் போனா இப்பிடித்தானடா வரும்."

"அண்ணை, முடிச்செல்லாத்தையும் அவிழ்க்கேலாது. வெட்டினாத் துணி போயிடும். இன்னும் ரெண்டு கிழமைதான் கிடக்கு."

அண்ணை வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வலை நீளம் காணாட்டி என்னடா செய்வாய்? முடிச்சை அவிழ்ப்பியோ? பக்கத்திலை துண்டு வைச்சுப் பிடிக்கிறதுதானே. விசரா."

கொட்டிலுக்குப் போனேன். இரண்டு கைப்பக்கமும் மூட்டிய தையலைப் பிரித்தேன். அடுத்த புதன்கிழமை டொரீனிடம் போய், தேன்கூட்டை முடிச்சில்லாமல் தைக்கிற விதத்தை முதலிலிருந்து காட்டச் சொன்னேன். விரலை அடக்குவது பெரிய பாடாக இருந்தது. குத்தி முடித்ததும் அது தானாகவே முடிச்சுக்குப் போகும். டொரீன் என் கையில் மெல்லத் தட்டுவார். "விட்டுவிடு" என்பார். அந்தச் சொல் எனக்கு நன்றாகப் பாடமாகிவிட்டது.

இரண்டு பக்கத்துக்கும் விரிகிற துண்டு வைத்துப் பிடித்தேன். வெள்ளை நூலால் இல்லை, நீல நூலால். அப்பு பொத்துகிற இடத்துக்கு எப்போதும் வேறு நிற நூல்தான் போடுவார். எது பழையது, எது புதிது என்று பிறகு பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பார்.

சனிக்கிழமை மெர்சியிடம் கொடுத்தேன். "காணுமோ எண்டு போட்டுப் பார்" என்றேன். அவளுடைய கடைச் சட்டையும் வந்திருந்தது. பளபளவென்று சற்றின் துணி, முதுகில் பெரிய ரிப்பன் வில்லு. இரண்டையும் ஒரே பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். எதைப் போடப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. ரீற்றா, "கேளுங்கோவன்" என்று விலாவில் இடித்தாள். கேட்கவில்லை.

7

கோயிலில் மெர்சி எலினாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை கழுத்து வரைக்கும் கம்பளிக் கோட்டுக்குள் இருந்தது. கோயிலுக்குள் குளிர். முதல் வாசகம், செபம் எல்லாம் கோட்டோடே நடந்தன. பாட்டுப் பாடும்போது என் வாய் மட்டும் அசைந்தது. அந்தோனி அண்ணை ரீற்றாவின் போனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் அடிக்கடி பக்கவாட்டில் சரிந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குக் கிட்டப் போனதும் மருமகன் கோட்டைக் கழற்றினார். கைப்பக்கத்தில் நீல நூல் தெரிந்தது.

ரீற்றா என் காலை மிதித்தாள். நான் மேலே கூரையைப் பார்த்தேன். மருமகனின் தாய், மரவேலை நன்றாக இருக்கிறது, இல்லையா என்றார். நான் கூரையின் அழகைப் பார்ப்பதாக நினைத்துவிட்டார். ஓம் என்றேன்.

சுவாமி தண்ணீரை அள்ள எலினா அதைக் கண்டாள். எட்டு மாதப் பிள்ளை. குளிக்க வார்த்தால் வெளியே வர மாட்டாள். இரண்டு கையையும் நீட்டி, தாயின் தோளிலிருந்து தொட்டியை நோக்கி ஒரே பாய்ச்சல். மெர்சியின் கையிலிருந்து பிள்ளை வழுகியது. நான் நின்ற இடத்திலிருந்து எட்ட முடியாது. மெர்சி மற்றக் கையால் நெஞ்சுச் சட்டையை அப்படியே அள்ளிப் பிடித்தாள். ஒரு நொடி எலினாவின் முழுப் பாரமும் அந்தத் தேன்கூட்டில் தொங்கியது. காலிரண்டும் தொட்டி விளிம்புக்கு மேலே. சுவாமி கையில் அள்ளிய தண்ணீரோடு உறைந்து நின்றார்.

ஒரு முடிச்சும் நகரவில்லை.

"விடாதை, விடாதை" என்று போனுக்குள் இருந்து அண்ணையின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. "பாய்ற மீனடா."

பிள்ளையை நெஞ்சோடு எடுத்த பிறகு மெர்சியின் கை மட்டும் சட்டையை விட்டு வரவில்லை. மோதிரத்தின் கல்லு ஒரு கண்ணுக்குள் மாட்டிவிட்டது. இழுத்தாள். இறுகியது. எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. வெட்கம், கோயில், சுவாமி எல்லாம். முன்னால் போய்விட்டேன். சட்டைப்பையில் எப்போதும் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் இருக்கும். அதை எடுத்தேன்.

மெர்சி என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, வெட்டாதேங்கோ."

"மாட்டிக் கிடக்கு மகள்."

"வெட்டினா அப்பப்பா ஏசுவார்."

அவளுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டேன். மெர்சி விரலை மடக்கி மோதிரத்திலிருந்து உருவி எடுத்தாள். மோதிரம் சட்டையிலேயே தொங்கியது. சுவாமி தண்ணீரை வார்த்தார். எலினா இன்னும் வேண்டும் என்று கத்தினாள். எல்லாப் படத்திலும் பிள்ளையின் நெஞ்சில் மோதிரம் ஒன்று, வலையில் பட்ட மீனைப் போல மினுங்குகிறது.

மதியச் சாப்பாட்டில் மெர்சி என்னோடு சண்டை பிடித்தாள். கழுத்துப் பக்கம் முடிச்சுக் குத்துதாம், பிள்ளைக்குத் தோல் சிவந்துவிட்டதாம், ஒரு லைனிங் துணி வைத்திருக்கக் கூடாதோ, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே, ஏன் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் கொட்டிலுக்குள் இருக்கிறீங்கள். நான் திருப்பிச் சண்டை பிடித்தேன். லைனிங் வைத்தால் முடிச்சு தெரியாதே என்றேன். ரீற்றா கோழிக்கறியை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டு எடுத்தோம்.

8

இப்போது புதன்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் நூலகத்துக்குப் போகிறோம். சாத்தியிருக்கிற கதவை ரீற்றா தட்டித் திறந்துகொண்டு, டொக்டரைத் தாண்டியும் கதைக்க வேண்டும் என்று ஆங்கிலம் படிக்கப் போகிறாள். நான் எதிர்க் கதவுக்குள் போகிறேன். வீட்டுக்கு வரும் வழியில் இன்றைக்கு என்ன படிப்பித்தார்கள் என்று நான் கேட்கிறேன்.

இந்த மாதம் மேசையில் வைக்கச் சட்டையை மெர்சியிடம் கடன் வாங்கியிருந்தேன். பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவு வருகிறது என்று கடைசிப் புதனை இன்றைக்கே வைத்துவிட்டார்கள். டொரீன் பக்கங்களை இழுத்தார், விரிந்தது. நடுவை இழுத்தார், விரியவில்லை. இந்தத் தையலுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டார். எழும்பினேன். நெஞ்சு வழக்கம்போல அடித்தது. "என் மகள் பிடித்தாள். இது விடவில்லை" என்றேன். என் ஆங்கிலத்தில் அதுதான் இதுவரை மிக நீளமான பேச்சு. கை தட்டிய சத்தத்தில் எதிர்க் கதவு திறந்து ரீற்றா எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, ஆருக்கு அடி விழுகுது?" என்றாள். தமிழில்தான். படிப்பு இன்னும் ஆரம்பத்தில் இருக்கிறது.

மலருக்குக் கட்டுரை கேட்டு வெகு நாள். இன்று மேசையில் மற்றவர்கள் நூலைச் சுற்றி ஒதுக்கிக்கொண்டிருக்க, பேனாவை எடுத்துத் தொடங்கியதை வீட்டுக்கு வந்து ஒரே இருப்பில் எழுதி முடித்துவிட்டேன். அவிழ்த்துத் திருத்தினால் துணி போய்விடும் என்று அப்படியே அனுப்புகிறேன். எங்காவது நீளம் காணாவிட்டால் பக்கத்தில் துண்டு வைத்துப் பிடியுங்கள். நீல நூலில்.

சூ. அருளப்பு
2025 ஒக்ரோபர் 15, புதன்கிழமை